பணிக்கு முன் கதிரவனைப் படம் எடுத்தல்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் பணிபுரியும் ஆசிரியரும் கள ஊழியரும் கதிரவனைப் படம் எடுக்கத் தமக்கு ஓய்வில்லை எனக் கருத வேண்டுவதில்லை. காலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடைப்பட்ட பொழுதே இதற்கு மிகவும் ஏற்றது. வெயில் ஏறியபின் தரை சூடேறி, அதன்மேலுள்ள காற்று அலைவுறும்; கதிரவன்மீதுள்ள கரும்புள்ளிகள் படத்தில் மங்கிவிடும்.

கதிரவனுக்கென்றே செய்யப்பட்ட வடிகட்டியைத் தொலைநோக்கியின் முன்முகப்பில் உறுதியாகப் பொருத்துக. கண்ணருகே மட்டும் பொருத்தும் வடிகட்டி வெப்பத்தால் வெடிக்கக்கூடும். கணப்பொழுதில் பார்வை பாழாகும். புகை படிந்த கண்ணாடியும் காப்பாகாது. மாணவரைத் தனியே விடலாகாது.

நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரு படம் எடுத்து, தேதியும் நேரமும் குறித்தல் போதும். மேகம் மறைத்த நாளையும் ஏட்டில் குறிக்க. கரும்புள்ளி ஒன்று கிழக்கு விளிம்பிலிருந்து மேற்கு விளிம்பை அடைய ஏறத்தாழ 13 நாட்கள் ஆகும். சில புள்ளிகள் இடையிலேயே மறைந்துவிடும். படங்களை வரிசையாக வைத்தால் கதிரவன் தன்னைத்தானே சுற்றுவதை மாணவர் தாமே உணர்வர்.

கோடைக்கானல் வானாய்வகம் 1904 முதல் இவ்வாறு நாட்படங்களைத் தொகுத்தமையால், கதிரவனின் நூறாண்டு மாறுதல்களை இன்று ஆராய முடிகிறது. விடாமுயற்சியே இப்பணியின் உயிர்நாடி.