பாலைக்குப் பாடம் கடற்கரையில்

கேள்வி: கடலும் ஏரியும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்குப் பாலைவனத்தை எப்படிப் புரியவைப்பது?
– ஓர் ஆசிரியை, திருக்கழுக்குன்றம்

பதில்: மணலும் வெயிலும் மட்டுமே பாலைவனம் அல்ல என்று தொடங்குங்கள். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே பொதுவாக அப்படிச் சொல்கிறார்கள். பனி மூடிய அண்டார்டிகாவும் பாலைவனம்தான்.

பிறகு மாமல்லபுரம் பக்கத்து மணல்மேடுகளுக்கு அழைத்துப் போங்கள். எவ்வளவு மழை பெய்தாலும் அந்த மணலில் நீர் தங்காது, உப்புக்காற்று வேறு. தடித்த இலையோடு படரும் அடப்பங்கொடியும், ஊசியாய்க் குத்தும் இராவணன் மீசையும் அங்கே எப்படிப் பிழைக்கின்றன என்று பிள்ளைகளே பார்த்து எழுதட்டும்.

கோடையில் வறண்டு கிடக்கும் பாலாற்றையும் காட்டுங்கள். குறிஞ்சியும் முல்லையும் வறண்டால் பாலையாகும் என்ற சிலப்பதிகாரக் கருத்து அப்போது மனத்தில் பதியும். மதுராந்தகம் போன்ற ஏரிகளை முன்னோர் ஏன் அமைத்தார்கள் என்பதும் விளங்கும்.