தாயையும் பிள்ளையையும் பிரிக்காத உதவி

கேள்வி: சென்னை எழும்பூர் பக்கம் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். எதிர் நடைபாதையில் சில வாரங்களாகக் கைக்குழந்தையோடு ஒரு பெண் படுத்திருக்கிறாள். அவளுக்கு 19, 20 வயது இருக்கலாம். பிள்ளைக்கு நாலு மாதமாம். புருஷன் அடித்துத் துரத்திவிட்டான், பிறந்த வீட்டிலும் சேர்க்கவில்லை என்கிறாள். பால் பவுடரும் துணியும் வாங்கிக் கொடுத்தேன். “ஏதாவது ஹோம்ல சேர்த்துவிடட்டுமாம்மா?” என்று கேட்டேன், மறுநாள் ஆளைக் காணோம். இரண்டு நாள் கழித்துத்தான் வந்தாள். போலீசிடம் சொல்வதா? வேறு என்ன செய்வது?

– வாசகி, சென்னை

பதில்: அவள் திரும்பி வந்திருக்கிறாள் என்பதே பெரிய விஷயம், சகோதரி. உங்களிடம் அவளுக்குக் கோபம் இல்லை. பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயத்தில்தான் ஓடியிருக்கிறாள். கைக்குழந்தையோடு தெருவில் இருக்கும் பெண்களில் பலரும் இந்த ஒரு பயத்தால்தான் ஆஸ்பத்திரியையும் காப்பகத்தையும் கண்டு ஒதுங்குகிறார்கள். அதனால் இனி நீங்கள் என்ன பேசினாலும், “நீயும் பிள்ளையும் ஒண்ணாத்தான் இருப்பீங்க” என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பது மற்ற எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் என்று 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது. தாய் ஏழை, வீடில்லாதவள் என்பதற்காக மட்டும் பிள்ளையைப் பிரிப்பது நியாயமே ஆகாது.

அடுத்தது பால் பவுடர். நல்ல மனதோடு கொடுத்தீர்கள். ஆனால் நடைபாதையில் அந்த டப்பா ஆபத்தானது. தண்ணீரைக் கொதிக்கவைக்க அடுப்பு கிடையாது, பாட்டிலைக் கழுவ நல்ல தண்ணீர் கிடையாது. நாலு மாதப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஒரே நாளில் துவண்டுவிடும். டப்பா தீர்ந்தபின் மறு டப்பா வாங்கக் காசிருக்காது. பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கரைப்பார்கள். பாட்டிலுக்குப் பழகிய பிள்ளை மார்பில் சப்புவது குறையும், சப்பக் குறையக் குறையத் தாய்க்குச் சுரப்பும் குறையும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும். ஆகவே பிள்ளைக்கு வாங்க நினைக்கும் காசில் தாய்க்குச் சாப்பாடு வாங்குங்கள். இட்லி, முட்டை, கீரை, பருப்பு, குடிக்க நல்ல தண்ணீர். பால் கொடுக்கும்போது உட்கார உங்கள் கடையில் ஒரு மறைவிடம் தந்தால் இன்னும் நல்லது. தெருவில் பத்துப் பேர் பார்வையில் எந்தப் பெண்ணால் நிம்மதியாகப் பால் கொடுக்க முடியும்? பிள்ளை ஏற்கெனவே பவுடருக்குப் பழகிவிட்டால் சட்டென்று நிறுத்த வேண்டாம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் கூட்டிப் போங்கள். அதுவரை பாட்டில் வேண்டாம், பாலாடையில் புகட்டச் சொல்லுங்கள்.

தடுப்பூசி போடும் நாளான புதன்கிழமை அங்கே போனால் அதையும் பார்த்துவிடலாம். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போட வேண்டியவை விட்டுப்போயிருக்கலாம், தாமதமானாலும் போடுவார்கள். அங்கன்வாடியில் பாலூட்டும் தாய்க்குச் சத்துமாவு உண்டு. அதையும் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

தங்க இடத்துக்குப் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். அவளையே பேசச் சொல்லுங்கள்; நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். அடிபட்டு வந்தவள் என்பதால், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அரசின் சகி மையத்தில் சில நாள் தங்கலாம், மருத்துவமும் சட்ட உதவியும் அங்கேயே கிடைக்கும். அதன்பின் மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகம். ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. தாயும் பிள்ளையும் சேர்ந்து தங்கும் காப்பகம்தானா என்று கேட்டுக்கொண்டு, முதல் நாள் நீங்களே கூடப் போய் இடத்தைக் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அவள் திரும்பி வரட்டும். வற்புறுத்திச் சேர்த்தால் மறுநாளே வெளியேறி, உங்கள் கண்ணில் படாத தெருவுக்குப் போய்விடுவாள். அவள் கேட்காமல் போலீஸை அழைக்காதீர்கள். அவளைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடுவதும் கூடவே கூடாது. துரத்தியவனும் அதைப் பார்ப்பான்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு 18 நிரம்பவில்லை என்று தெரியவந்தால் சட்டம் வேறு. அப்போது அவளே குழந்தை. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்ஸோ சட்டப்படி தகவல் சொல்வது உங்கள் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். குழந்தைகள் நலக் குழுவிடம், இரண்டு பேரையும் ஒரே இடத்தில் வையுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

காப்பகத்தில் நிலைத்தபின் காகித வேலை தொடங்கும். பிள்ளை அரசு மருத்துவமனையில் பிறந்திருந்தால் பிறப்பைப் பதிவுசெய்ய அவர்களே தகவல் அனுப்பியிருப்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டு தொலைந்திருந்தாலும் பிரசவத் தேதியைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். முகவரி இல்லை என்று ஆதாருக்குத் தயங்க வேண்டாம். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றிதழை ஏற்கிறார்கள். ஆதாரும் வங்கிக் கணக்கும் வந்தால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு அவள் தகுதியா என்று கிராம, நகர சுகாதாரச் செவிலியரிடம் விசாரியுங்கள். புருஷன் வீட்டில் தங்கும் உரிமை, ஜீவனாம்சம் இரண்டையும் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு, வருமானம் பார்க்காமல், இலவசமாக வக்கீல் வைத்துத் தரும், எண் 15100. ஆனால் கேஸ் போடுவதா வேண்டாமா என்பது அவள் முடிவு. தூங்கி, சாப்பிட்டு, கொஞ்சம் தெளிந்தபிறகு அவள் எடுக்கட்டும்.

காப்பகம் என்பதும் தங்கிப்போகும் இடம்தான். ஒரு அறை வாடகைக்கு எடுக்க வேண்டுமென்றால் அட்வான்ஸ் கேட்பார்கள். புருஷன் இல்லாத சின்னப் பெண் என்றால் வீடே இல்லை என்பார்கள். உங்கள் கைத்தொழிலை அவளுக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா பாருங்கள். காஜா எடுப்பது, பட்டன் தைப்பது, பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டே செய்யலாம். கூலியை மட்டும் மற்றவர்களுக்குத் தரும் அளவே கொடுங்கள். அவள் வீடு தேடும் நாளில் கடைத்தெருவில் நாலு பேர் சேர்ந்து அட்வான்ஸைப் போட்டு, வீட்டுக்காரரிடம் நீங்களே நேரில் போய், “என்கிட்ட வேலை பார்க்கிற பொண்ணு” என்று சொல்லுங்கள்.