பிள்ளைக்கு ஞானம் இல்லையா, வாத்தியத்துக்குச் சுருதி இல்லையா?

விஜயதசமி நெருங்கினால் இசைக்கருவிக் கடைகளில் கூட்டம் சேரும். பிள்ளையை வயலின் வகுப்பிலோ வீணை வகுப்பிலோ சேர்க்க முடிவு செய்த பெற்றோர், ‘இப்போதைக்கு மலிவாக ஒன்று, தொடர்ந்து கற்றால் நல்லதாக ஒன்று’ என்ற கணக்கோடு வருகிறார்கள். வீட்டு வரவுசெலவு பார்ப்பவர்களுக்கு இது நியாயமான கணக்காகத்தான் தெரியும். ஆனால், தொடர்ந்து கற்க முடியுமா என்பதை அந்த முதல் வாத்தியமே பாதி தீர்மானித்துவிடுகிறது. சில மாதங்களில் வாத்தியம் பரணுக்குப் போகிறது. ‘இதுக்குச் சங்கீதம் வராது’ என்ற தீர்ப்பு பிள்ளையின் தலையில் விழுகிறது. பல வீடுகளில் அந்தத் தீர்ப்பு வாத்தியத்துக்கே பொருந்தும். அந்த முதல் வாத்தியத்தைப் பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: கற்றுக்கொள்பவருக்குச் சாதாரண வாத்தியம் போதும்.

உண்மை: மோசமான வாத்தியத்தைச் சமாளிக்கத் தெரிந்தவர் வித்வான்தான். ஸ்வரம் எங்கே பிசகுகிறது என்று அவர் காது சொல்லும். விரலை ஒரு நூல் தள்ளி வைத்துச் சரிசெய்துகொள்வார். சரளி வரிசை பழகும் பிள்ளைக்கு அந்தக் காது இனிமேல்தான் உருவாக வேண்டும். வயலினில் மெட்டுகள் கிடையாது. கர்நாடக முறையில் நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று சேர்த்துவிட்டால், மற்ற ஸ்வரங்களின் இடத்தை விரலும் காதும் சேர்ந்துதான் தேடிப் பிடிக்க வேண்டும். தந்தியை முறுக்கும் பிரடை சரியாகப் பொருந்தாத வயலினில் தந்தி சற்று நேரத்திலேயே இறங்கிவிடும். நேற்று சரியாக விழுந்த இடம் இன்று தவறாகிறது. தவறு தன்னுடையதா, தந்தியினுடையதா என்று பிள்ளையால் பிரித்துச் சொல்ல முடியாது. தன்னுடையது என்றே எடுத்துக்கொள்ளும்.

நம்பிக்கை 2: பெட்டியைத் திறந்தால் வாசிக்கத் தயார்.

உண்மை: இணையத்தில் வாங்கும் மலிவு வயலின்கள் பலவற்றில் தந்திகளைத் தாங்கும் குதிரை தனியே கிடக்கும், அல்லது பெயருக்கு நிறுத்தப்பட்டிருக்கும். குதிரையை ஒட்டுவது வழக்கமில்லை. தந்திகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. அதன் கால்களை மேற்பலகையின் வளைவுக்கு இசைவாகச் செதுக்க வேண்டும். மேல்விளிம்பின் வளைவு தட்டையாக இருந்தால், ஒரு தந்தியில் வில் போடும்போது பக்கத்துத் தந்தியும் சேர்ந்து ஒலிக்கும். உயரம் கூடினால் தந்தியை அழுத்தவே பிள்ளையின் விரலுக்கு வலு போதாது.

வயலினுக்கு உள்ளே, குதிரையின் ஒரு காலுக்கு அருகில், சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரக்குச்சி நிற்கிறது. அதுவும் பசையில்லாமல் அழுத்தத்தால் மட்டுமே நிற்பது. அது விழுந்துவிட்டால் ஒலி மங்கும். அந்த நிலையில் தந்தியை முறுக்கினால் மேற்பலகையே சேதமாகலாம். எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றினாலும் அந்தக் குச்சி விழக்கூடும் என்பதால், தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுவது நல்லது.

விரல் பலகையையும் கவனியுங்கள். நல்ல வயலினில் அது கருங்காலி மரம். மலிவான பலவற்றில் மென்மையான வேறு மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள். சாயம் விரலில் ஒட்டும், தந்தி அழுந்தி அழுந்திப் பள்ளமும் விழும். ஒன்று மட்டும் பழுதல்ல: புதிய வில்லில் ரோசின் தேய்க்காதவரை சத்தம் அநேகமாக வராது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

நம்பிக்கை 3: வளரும் பிள்ளை, பெரிய அளவாகவே வாங்கிவிடலாம்.

உண்மை: பள்ளிச் சீருடையை அப்படி வாங்கலாம், வயலினை வாங்கக் கூடாது. முழு அளவு வயலினின் உடல் சுமார் 14 அங்குலம். அதற்குக் கீழே முக்கால், அரை, கால், அரைக்கால் என்று அளவுகள் இருக்கின்றன. கைக்கு மீறிய வயலினில் விரல்கள் விரிந்து இழுபடும், மணிக்கட்டு மடங்கும். அப்படிப் படிந்த கையைப் பிறகு நிமிர்த்துவது ஆசிரியருக்குப் பெரும்பாடு. அளவு மாறும்போதெல்லாம் புதிதாக வாங்கவும் வேண்டியதில்லை. வாடகைக்கு எடுக்கலாம், அல்லது அதே ஆசிரியரிடம் கற்று வளர்ந்துவிட்ட மாணவரின் வயலினைக் கேட்டு வாங்கலாம்.

நம்பிக்கை 4: விரல் வலித்தால்தான் வித்தை வரும்.

உண்மை: கிட்டாரிலும் வீணையிலும் முதல் சில வாரங்கள் விரல்நுனி வலிப்பது இயல்பு. தோல் காய்த்ததும் வலி குறையும். குறையாமல் நீடித்தால் கம்பியின் உயரத்தைப் பார்க்க வேண்டும். எஃகுக் கம்பி கிட்டாரில் 12ஆவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடைவெளி சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் இருந்தால் வாசிக்க வசதி. அதைவிட அதிகம் உயர்ந்திருந்தால் வலியோடு நிற்காது. கம்பியை அவ்வளவு தூரம் அழுத்தும்போது அது இழுபட்டு, ஸ்வரமும் ஏறிவிடும். சரியான கார்டைப் பிடித்தும் அபஸ்வரமாகக் கேட்பது அதனால்தான்.

நம்பிக்கை 5: ட்யூனர் செயலி பச்சை காட்டினால் சுருதி சரி.

உண்மை: செயலி அழுத்தாத கம்பியைத்தான் சரிபார்த்துக் கொடுத்தது. அழுத்திய இடங்களையும் பார்க்க வேண்டும். கிட்டாரில் 12ஆவது ஃபிரெட்டில் அழுத்தினால், அதே கம்பியின் மேல் ஸ்தாயி துல்லியமாக வர வேண்டும். வராவிட்டால், மேலே போகப் போக எல்லாமே பிசகும்.

வீணையில் ஸ்வர இடங்களை அமைக்கும் பொறுப்பு இன்னும் நுட்பமானது. அதன் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் இடத்தையும் கைவினைஞர் தம் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்துகிறார். அதை மேளம் கட்டுவது என்பார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையின் பெருமை பலா மரத்தோடும் செதுக்கு வேலையோடும் முடிவதில்லை, இந்தக் காதிலும் இருக்கிறது. மேளம் பிசகிய வீணையில் மாயாமாளவகௌளை ராகம் பழகும் பிள்ளை, பிசகிய ரிஷபத்தையே ரிஷபம் என்று மனத்தில் பதித்துக்கொள்ளும். சரியாகப் பதமாகாத மரமானால் தண்டி நாளடைவில் வளைந்து, கட்டிய மேளமும் கலையும். நல்ல வீணைக்கும் சூடு ஆகாது. மெழுகு இளகிவிடும் என்பதால், வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

நம்பிக்கை 6: மிருதங்கம், புல்லாங்குழலுக்கெல்லாம் சுருதி கேட்டு வாங்க வேண்டுமா?

உண்மை: கட்டாயம் கேட்க வேண்டும். மிருதங்கத்தை ஒரு குறுகிய எல்லைக்குள்தான் ஏற்றி இறக்க முடியும். ஹெச்சு (உயர்ந்த) சுருதிக்குக் குட்டையான 22 அங்குலக் கட்டை, தக்கு (தாழ்ந்த) சுருதிக்கு நீளமான 24 அங்குலக் கட்டை என்பது பொதுவான வழக்கம். மூங்கில் குழலில் அந்தச் சிறு வசதியும் இல்லை. துளை போட்டது போட்டதுதான். திருவிழாக் கடையில் கிடைக்கும் குழல்களில் பலவும் சுருதி பார்த்துத் துளையிட்டவை அல்ல. ஊதி மகிழலாம், பாடம் கற்க உதவாது. எத்தனை கட்டைச் சுருதிக் குழல் வேண்டும் என்று ஆசிரியரைக் கேட்ட பிறகே கடைக்குப் போங்கள்.

நம்பிக்கை 7: நூற்றுக்கணக்கில் டோன் இருந்தால் நல்ல கீபோர்டு.

உண்மை: முதலில் கட்டைகளின் அளவைப் பாருங்கள். வழக்கமான அளவில் ஒரு ஸ்தாயியின் அகலம் சுமார் 16.5 சென்டிமீட்டர். சிறு கட்டைகளில் பழகிய விரலுக்கு, உண்மையான கீபோர்டில் இடம் பிடிபடாது. அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் வசதி இல்லாவிட்டால், மெல்லவும் வலுக்கவும் வாசிப்பதைக் கற்கவே வழியில்லை. 61 முழு அளவுக் கட்டைகளும் அந்த வசதியும் தொடக்கத்துக்குப் போதும்.

நம்பிக்கை 8: தாத்தாவின் பழைய வயலினில் ‘ஸ்ட்ராடிவாரி’ என்று லேபிள் இருக்கிறது, அது பொக்கிஷம்.

உண்மை: இத்தாலியின் கிரெமோனாவில் வயலின் செய்த அன்டோனியோ ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்தார். 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மனியிலும் பொஹீமியாவிலும் பெருமளவில் செய்யப்பட்ட வயலின்களில், அவருடைய வடிவத்தைப் பின்பற்றியவை என்று காட்ட அதே பெயரில் லேபிள் ஒட்டினார்கள். லேபிளை நம்பி யாருக்கும் பெரிய தொகை கொடுத்துவிடாதீர்கள். அதற்காக அந்த வயலினை ஒதுக்கவும் வேண்டாம். விரிசலும் கரையான் அரிப்பும் இல்லையா என்று தேர்ந்த கைவினைஞரிடம் காட்டி, குதிரையும் தந்தியும் மாற்றினால், புதிய மலிவு வயலினைவிட நன்றாக அமையக்கூடும்.

நம்பிக்கை 9: அப்படியானால் விலை கூடியதைத்தான் வாங்க வேண்டும்.

உண்மை: அதுவும் இல்லை. தந்த நிற வேலைப்பாட்டுக்கும் பளபளக்கும் மெருகுக்கும் கொடுக்கும் பணம் சுருதியில் சேராது. தொடங்குபவரின் வாத்தியத்துக்கு மூன்றே தகுதிகள்: சுருதி நிற்க வேண்டும், ஸ்வர இடங்கள் சரியாக இருக்க வேண்டும், கைக்கு அடங்க வேண்டும். நடுத்தர விலையில் ஒன்றை வாங்கி, மீதிப் பணத்தில் நல்ல தந்திகள் போட்டு, கைவினைஞரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது சிறந்த வழி. அதற்கும் வசதியில்லையென்றால் வாடகை வாத்தியம் கௌரவக் குறைச்சல் அல்ல. முடிந்தால் ஆசிரியரையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் அங்கேயே பத்து நிமிடம் வாசித்துப் பார்க்கட்டும். கடைக்காரரின் உத்தரவாத அட்டையைவிட அது பெரிய உத்தரவாதம்.

வீட்டில் ஏற்கெனவே மலிவான வாத்தியம் இருந்து, பிள்ளை திணறினால், வகுப்பை நிறுத்துவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த வாத்தியத்தை ஆசிரியரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் கையிலும் அது சுருதியில் நிற்கவில்லையென்றால், பிள்ளையைக் கூப்பிட்டு, ‘உன் மேல் தப்பில்லை’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வாத்தியத்தை மாற்றுவது பிறகு ஆகட்டும். அந்தச் சொல்லை மட்டும் அன்றே சொல்லிவிடுங்கள்.