சேற்றிலிருந்து வரும் காய்ச்சல்

மாரிகாலத்தில் வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சல் என்றே முதலில் நினைப்போம். மெலியோடோசிஸ் என்ற இன்னொரு வருத்தமும் உண்டு. இலங்கையில் 1927இலேயே இது அறியப்பட்டது. இதன் பற்றீரியா ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. காயம், கால்வெடிப்பு வழியே உடலுக்குள் புகும். குருதியில் பரவினால் சில நாட்களிலேயே உயிர் போகலாம். நெஞ்சைப் பிடித்தால் சயரோகம் போலத் தோன்றும். நீரிழிவுக்காரரே கூடுதலாக அகப்படுகிறார்கள்.

சாதாரண பெனிசிலினுக்கு இது மசியாது. ஆகவே வயல்வேலையையும் நீரிழிவையும் வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். குருதியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அதுவே வழிவிடும். ஊசிமருந்து குறைந்தது 10 நாட்கள், பின் குளிசை குறைந்தது 3 மாதங்கள். காய்ச்சல் விட்டதும் குளிசையை நிறுத்தினால் வருத்தம் திரும்பி வரும். இடையில் இடம்பெயர நேர்ந்தால் கிளினிக் கொப்பியையும் மிச்சக் குளிசையையும் கையோடு கொண்டுபோங்கள்.