உடைந்த ஊசி

அன்புள்ள தம்பிக்கு,

அத்தை எழுதுகிறேன். கணியம்பாடியில் கொட்டகை பிடித்துவிட்டாய், தையல் மிஷின் 24 வந்து இறங்கிவிட்டது, ஆம்பூரிலிருந்து ஷூ அப்பர் தைக்க ஜாப் ஒர்க்கும் கிடைத்துவிட்டது என்று உன் அப்பா போனில் சொன்னார். மனசு நிறைந்துபோனது. கடன், ஆர்டர், கரண்ட் பில் பற்றிச் சொல்லித்தர உனக்கு ஆள் இருக்கிறார்கள். மிஷினிலும் பிறகு லைன் சூப்பர்வைசராகவும் 30 வருஷம் இருந்தவள் என்பதால், வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

தோலில் தைக்கும்போது ஊசி உடையும். உடைந்தால் துண்டுகளைத் தேடி எடுத்து, நோட்டில் ஒட்டி, நேரத்தை எழுதிய பிறகுதான் புது ஊசி தர வேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த மேஜையில் இருக்கும் அப்பர் எதுவும் நகரக்கூடாது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஊசி உடைத்தவர்களுக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள். பெண்கள் தங்கள் காசில் ஊசி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்கள். உடைந்தால் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்வார்கள். மூன்று மாதம் நோட்டு வெறுமையாக இருந்தது, முதலாளிக்கு ஒரே சந்தோஷம். கடைசியில், பெட்டி கட்டும் நாளில் மெட்டல் டிடெக்டர் கத்தியது. ஒரு ஷூவின் நாக்குக்குள் அரை அங்குல ஊசி முனை. லாட் முழுவதையும் பிரித்துப் பார்க்க இரண்டு ராத்திரி ஆனது. அபராதம் போட்டதால் ஊசி உடைவது நிற்கவில்லை, சொல்வதுதான் நின்றுபோனது.

உன் கொட்டகையில் ஊசி உடைத்தவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பயமில்லாமல் நேரே உன்னிடம் வர வேண்டும். அப்படி வந்தால் உன் தொழில் நிலைக்கும். நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

குறையை மறைத்து, செலவை ஒதுக்கித் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்துத் தோல் தொழிலின் கதையைப் பார். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்புகளின் உப்பும் சுண்ணாம்பும் குரோமியமும் கலந்த தண்ணீர் பாலாற்றில் இறங்கியது. அதைச் சுத்தம் செய்வது ஒரு செலவு. அந்தச் செலவை விவசாயியின் கிணற்றில் கொண்டுபோய்ப் போட்டார்கள். குடிக்கிற தண்ணீர் கரித்தது, நிலம் பாழானது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் வழக்குப் போட்டு, 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. அதோடும் முடியவில்லை. 2025 ஜனவரி 30-இல் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

இடையில் 2015 ஜனவரி 31. ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் நள்ளிரவில் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எந்தத் தொழிலிலும் ஒதுக்கித் தள்ளிய செலவு முதலில் ஏழையின் உடம்பில்தான் விழும் என்பதை அன்றைக்குத்தான் நான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

உன்னுடையது சின்ன இடம். ஹெச்.ஆர். ஆபீசர் வைக்க உன்னால் முடியாது, நீயேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் காரியமாகக் கழிவறைக்குப் பூட்டுப் போடாதே. சாவி சூப்பர்வைசர் கையில் இருந்தால், கேட்கக் கூச்சப்பட்டுப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுவார்கள். வேலூர் வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு நாக்கு வறண்டு, நீர்க்கடுப்போடு தைக்கிறவளின் தையல் நேராக வராது. சொல்யூஷன் தடவும் மேஜையைச் சுவர் மூலையில் போடாதே, ஜன்னலோரம் போட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வை. அந்த வாடையில் தலை சுற்றுகிறது என்று ஒருத்தி சொன்னால், பழகிவிடும் என்று பதில் சொல்லாதே. நீ போய் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்.

சம்பளம் 7-ஆம் தேதி என்றால் அன்றைக்கே கொடுத்துவிடு. பீஸ் ரேட்டை எல்லாரும் பார்க்கும்படி போர்டில் எழுதி வை. 10 பேர் சேர்ந்தாலே இ.எஸ்.ஐ. உண்டு, பாலியல் தொல்லைப் புகாருக்கான உள்குழுவும் உண்டு. அந்தக் குழுவுக்கு ஒரு பெண்தான் தலைமை, பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அதைக் காகிதத்தோடு விட்டுவிடாதே. பெயர்களைச் சுவரில் ஒட்டு, முதல் நாளே எல்லாருக்கும் படித்துச் சொல். சனிக்கிழமை மிஷினை நிறுத்தி, கால் மணி நேரம் எல்லாரோடும் உட்கார். அந்த வாரம் எது சரியில்லை என்று கேள். முதல் மாதம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், விடாமல் கேள். ஒருத்தி ஒரு குறை சொன்னால், அடுத்த சனிக்கிழமைக்குள் அதைச் சரி செய்து காட்டு. முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். குறை சொன்னவளை அந்த வாரமே கடினமான வேலைக்கு மாற்றினாயானால், அதற்குப் பிறகு எத்தனை கூட்டம் போட்டாலும் பயனில்லை.

இதற்கெல்லாம் பணம் வேண்டும் என்பாய். கொஞ்சம் வேண்டும்தான். ஆனால் கை பழகிய ஒருத்தி நின்றுபோனால், புதுசாக வந்தவள் அவள் வேகத்தைப் பிடிக்கிற வரைக்கும் வீணாகும் தோலையும் கணக்கில் எழுதிப் பார்.

உன் கணியம்பாடி ஒன்றியத்தில் பெண்கள் 100 நாள் வேலையில் நீர்செறிவுக் கிணறுகள் அமைத்து, வறண்டு கிடந்த நாகநதிக்கு உயிர் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு உன் மிஷினில் உட்காரப்போவதும் அந்த ஊர்ப் பெண்கள்தான். அவர்களுக்குத் தையல் நீ சொல்லிக்கொடு. எது சரியில்லை என்று அவர்கள் சொல்லும்போது காது கொடுத்துக் கேள்.

ஊசி நோட்டு ஒன்றை நானே வாங்கி வைத்திருக்கிறேன். திறப்பு விழாவுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். அதன் பக்கங்கள் நிரம்பினால் பயப்படாதே. வெறுமையாகக் கிடந்தால் விசாரி.

அன்புடன்,
அத்தை