முதல் வரிக்கு முன்

நாடகம் தொடங்கும் நேரத்தில் திரை விலகுகிறது. விளக்குகள் ஏற்றப்பட்டு, மேடைப்பொருள்கள் உரிய இடங்களில் வைக்கப்பட்டு, இசைக்கருவிகளுக்குச் சுருதி சேர்க்கப்பட்ட பின்னரே அது விலகுகிறது. கணினி நிரலுக்கும் இத்தகைய ஆயத்தம் உண்டு. நிரலர் எழுதிய முதன்மைச் செயற்கூற்றின் முதல் வரி இயங்குவதற்கு முன்பே பல பணிகள் நடந்து முடிகின்றன. அப்பணிகளை ஒன்றுதிரட்டித் தரும் ‘இணைப்பான்’ என்னும் மென்பொருளின் செயல்முறையை இப்பாடம் விளக்குகிறது.

பகுதிகள் ஒன்றாதல்

பெரிய நிரல்கள் ஒரே கோப்பில் எழுதப்படுவதில்லை. பலர் பல கோப்புகளாக எழுதுகின்றனர். மனிதர் படிக்கத்தக்க மூலநிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றுவது நிரல்பெயர்ப்பி. அது ஒரு நேரத்தில் ஒரு கோப்பை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு மூலக்கோப்புக்கும் ஓர் இலக்குக் கோப்பை உருவாக்குகிறது.

இலக்குக் கோப்பு பல பகுதிகளை உடையது. கட்டளைகள் ஒரு பகுதியிலும் தரவுகள் மற்றொரு பகுதியிலும் அமையும். இவற்றுடன் ஒரு பெயர்ப்பட்டியலும் இருக்கும். அக்கோப்பு பிற கோப்புகளுக்கு வழங்கும் பெயர்கள், பிற கோப்புகளிலிருந்து வேண்டும் பெயர்கள் ஆகிய இரண்டும் அப்பட்டியலில் இடம்பெறும். வேண்டும் பெயருக்குரிய முகவரி இன்னும் தெரியாமையால், அது வரவேண்டிய இடம் வெற்றிடமாக விடப்பட்டிருக்கும்.

எல்லா இலக்குக் கோப்புகளையும் ஒருங்கே பார்ப்பது இணைப்பான் மட்டுமே. அது ஒத்த பகுதிகளை அடுத்தடுத்து வைக்கிறது; ஒவ்வொரு பெயருக்கும் முகவரி வகுக்கிறது; வெற்றிடங்களை நிரப்புகிறது. நிலைமொழியும் வருமொழியும் புணரும்போது நிலைமொழியின் ஈற்றெழுத்தும் வருமொழியின் முதலெழுத்துமே முதன்மையாக நோக்கப்படுகின்றன. அதுபோல, இணைப்பானும் கட்டளைகளின் உட்பொருளை ஆராய்வதில்லை. பெயரும் பகுதியும் முகவரியுமே அதன் கண்ணுக்குப் புலனாகின்றன.

*தெரியுமா?*
*அமெரிக்கக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர், யூனிவாக் கணினிக்காக 1952ஆம் ஆண்டையொட்டி ஏ-0 என்னும் மென்பொருளை உருவாக்கினார். நாடாவில் சேமிக்கப்பட்டிருந்த துணைநிரல்களை அவற்றின் எண்களைக் கொண்டு தேடியெடுத்து ஒரே நிரலாகக் கோப்பது அதன் பணி. இன்றைய இணைப்பானின் வேலையை அது பெரிதும் ஒத்திருந்தது.*

அழைப்பவர் யார்?

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இல் தொடங்கிய பணி, பின்னர் சி++ என்னும் நிரல்மொழியாக வளர்ந்தது. 1985இல் அம்மொழி வணிக முறையில் வெளியிடப்பட்டது. அம்மொழியில் ஒரு பொருள் உருவாகும்போது அதற்குத் தொடக்க மதிப்புகளை அளித்து, அதனைப் பயன்பாட்டுக்கு ஆயத்தம் செய்யும் சிறப்புச் செயற்கூறு ‘ஆக்கி’ எனப்படும்.

ஒரு செயற்கூற்றினுள் அறிவிக்கப்படும் பொருளுக்கு, அந்த இடத்திலேயே ஆக்கி அழைக்கப்படுகிறது. இதில் சிக்கல் இல்லை. எந்தச் செயற்கூற்றிலும் அடங்காமல் கோப்பின் பொதுவெளியில் அறிவிக்கப்படும் பொருள்களின் நிலை வேறு. அவற்றின் ஆக்கிகள் வழக்கமாக முதன்மைச் செயற்கூறு தொடங்குமுன் இயங்கி முடிந்திருக்க வேண்டும். நிரலில் எந்த வரியும் அவற்றைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அவ்வாறாயின் அவற்றை அழைப்பவர் யார்?

நிரல்பெயர்ப்பியால் இதற்கு முழு விடை காண இயலாது. முதன்மைச் செயற்கூறு உள்ள கோப்பைப் பெயர்க்கும்போது, பிற கோப்புகளில் எத்தனை பொதுப்பொருள்கள் உள்ளன என்பதை அது அறியாது. எனவே தன்னால் இயன்றதை மட்டும் செய்கிறது. ஒரு கோப்பில் உள்ள பொதுப்பொருள்களின் ஆக்கிகளை அறிவித்த வரிசையில் அழைக்கும் சிறு செயற்கூறு ஒன்றை அக்கோப்பிலேயே படைத்து, அதனைப் பற்றிய குறிப்பை இலக்குக் கோப்பில் விட்டுச்செல்கிறது. அக்குறிப்பே ‘ஆக்கிப் பதிவு’. அப்பதிவுகளைத் திரட்டும் பொறுப்பு இணைக்கும் கட்டத்துக்கு வந்து சேர்கிறது.

இருமுறை இணைத்தல்

தொடக்கக்கால இணைப்பான்கள் சி++ மொழியை அறியாதவை. ஸ்ட்ரூஸ்ட்ரப்பின் சிஃப்ரண்ட் என்னும் பெயர்ப்பு மென்பொருளுடன் ‘மன்ச்’ என்னும் துணைக்கருவி ஒன்று வழங்கப்பட்டது. நிரல் ஒருமுறை இணைக்கப்பட்டதும், அதன் பெயர்ப்பட்டியலை மன்ச் படித்தது. ஆக்கிகளை அழைக்கும் சிறு செயற்கூறுகளுக்குத் தனித்த முன்னொட்டுடன் பெயர் சூட்டப்பட்டிருந்ததால் அவற்றை இனங்காண முடிந்தது. அவற்றின் அட்டவணை ஒன்று புதிய கோப்பாக எழுதப்பட்டு, நிரல் அதனுடன் மீண்டும் இணைக்கப்பட்டது.

குனு நிரல்பெயர்ப்பியுடன் வரும் ‘கலெக்ட்2’ என்னும் கருவியும் இதே வழியைப் பின்பற்றியது. முதன்முறை இணைத்தல், பெயர்களைத் தேடல், அட்டவணையைத் தற்காலிகக் கோப்பாக எழுதிப் பெயர்த்தல், இரண்டாம்முறை இணைத்தல் என நான்கு படிகளில் அது செயற்பட்டது. முதன்மைச் செயற்கூற்றின் தொடக்கத்தில் நிரல்பெயர்ப்பி தானாகவே சேர்த்த ஓர் அழைப்பு, அட்டவணையில் உள்ளவற்றை இயக்கியது. பழைய இணைப்பான்களில் எந்த மாற்றமும் செய்யாமல் புதிய மொழிக்கு இடமளித்தது இவ்வழியின் சிறப்பு. ஒவ்வொரு முறையும் இருமடங்கு இணைப்பு வேலை என்பது அதன் விலை.

பகுதியே பட்டியலாதல்

எல்ஃப் என்னும் கோப்பு வடிவம், விரும்பிய பெயரில் புதிய பகுதிகளை அமைத்துக்கொள்ள இடம் தந்தது. அதனால் எளிய வழி ஒன்று பிறந்தது. நிரல்பெயர்ப்பி தான் படைத்த சிறு செயற்கூற்றின் முகவரியைச் ‘சிடார்ஸ்’ என்னும் பெயருடைய பகுதியில் எழுதிவைத்தது. இது ஆக்கி என்பதன் ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி இட்ட பெயர். இணைப்பான் தன் இயல்பான பணியாக ஒத்த பெயருடைய பகுதிகளை அடுத்தடுத்து வைக்கிறது. அவ்வாறு வைத்த அளவில், ஆக்கிப் பதிவுகள் அனைத்தும் தாமே தொடர்ச்சியான பட்டியலாகிவிடுகின்றன.

பட்டியலின் தொடக்கமும் முடிவும் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக இரு சிறு கோப்புகள் எப்போதும் சேர்த்து இணைக்கப்பட்டன. முதற்கோப்பு பட்டியலின் தலையில் −1 என்னும் மதிப்பையும், இறுதிக்கோப்பு அதன் கடையில் 0 என்னும் மதிப்பையும் வைத்தன. நிரல் தொடங்கியதும் தொடக்கநிலைச் செயற்கூறு ஒன்று பட்டியலின் கடைசியிலிருந்து −1 வரும் வரை பின்னோக்கி நடந்து, ஒவ்வொரு முகவரியிலும் உள்ள செயற்கூற்றை இயக்கியது.

பின்னர் ‘இனிட் அரே’ என்னும் பகுதி வழக்கிற்கு வந்தது. இதில் எல்லைக் குறிகளுக்குத் தேவை இல்லை. பட்டியலின் இடமும் அளவும் இயங்கு கோப்பிலேயே குறிக்கப்படுகின்றன. இது முன்னோக்கியே படிக்கப்படுகிறது. பழைய பட்டியல் பின்னோக்கியும் புதிய பட்டியல் முன்னோக்கியும் படிக்கப்படுவதால், கோப்புகளின் வரிசை மாறாமல் இருந்தாலும் ஆக்கிகள் இயங்கும் முறை தலைகீழாகிறது.

முந்துவது எது?

இவ்வேறுபாடு எதற்கு முதன்மை பெறுகிறது? தொடர்வண்டி முன்பதிவுக்கான நிரல் ஒன்றைக் கருதுவோம். ஒரு கோப்பில் ‘குறிப்பேடு’ என்னும் பொதுப்பொருள் உள்ளது. வேறொரு கோப்பில் ‘இருக்கைப்பட்டியல்’ என்னும் பொதுப்பொருள் உள்ளது. இருக்கைப்பட்டியலின் ஆக்கி, தான் உருவான செய்தியைக் குறிப்பேட்டில் எழுதுகிறது. குறிப்பேடு முதலில் உருவானால் எல்லாம் நன்று. இருக்கைப்பட்டியல் முந்திக்கொண்டால், இன்னும் உருவாகாத ஏட்டில் எழுத முற்பட்டு நிரல் நிலைகுலையக்கூடும்.

ஒரே கோப்பினுள் அறிவித்த வரிசையே ஆக்கும் வரிசை என்று சி++ மொழியின் தரவிதி உறுதி கூறுகிறது. வெவ்வேறு கோப்புகளுக்கு இடையே அத்தகைய பொது உறுதியை அது தரவில்லை. ஆகவே, ஒரு கணினியில் பிழையின்றி இயங்கிய நிரல், கோப்புகளை வேறு வரிசையில் இணைத்தவுடன் தவறக்கூடும். மூலநிரலில் ஓர் எழுத்தும் மாறியிராது.

இதற்குத் தீர்வாகக் குனு நிரல்பெயர்ப்பி 101 முதல் 65535 வரையிலான முன்னுரிமை எண்ணை அளிக்க இடம் தருகிறது. சிறிய எண் முதலில் இயங்கும். அந்த எண், பகுதியின் பெயரோடு ஒட்டப்படுகிறது. பழைய சிடார்ஸ் பட்டியல் கடைசியிலிருந்து படிக்கப்படுவதால், 65535இலிருந்து முன்னுரிமை எண்ணைக் கழித்து வரும் விடையே ஒட்டப்பட்டது. 200 என்னும் முன்னுரிமை 65335 என்றாகும். இணைப்பான் அப்பெயர்களை எழுத்துவரிசைப்படி அடுக்குகிறது. எழுத்துவரிசையில் 10 என்பது 9க்கு முன்னே வந்துவிடும். அதனால் 00009, 00010 என ஐந்து இலக்கங்களாக எழுதும் முறை கொள்ளப்பட்டது.

மற்றொரு தீர்வு நிரலரின் கையிலேயே உள்ளது. பொதுப்பொருளை ஒரு செயற்கூற்றினுள் நிலைத்த பொருளாக அறிவித்தால், அச்செயற்கூறு முதன்முறை அழைக்கப்படும்போது அது உருவாகும். தேவைப்படும் கணத்தில் உருவாவதால், முந்துவது எது என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை.

பெயர் சொல்லப்படாதவை

வரிசை தவறுவதைக் காட்டிலும் நுட்பமான இழப்பு ஒன்று உண்டு. இயங்கு கோப்பின் அளவைக் குறைக்க, எவராலும் சுட்டப்படாத பகுதிகளை நீக்குமாறு இணைப்பானுக்குக் கட்டளையிடலாம். ஆக்கிப் பதிவுகளை எந்தச் செயற்கூறும் பெயர் சொல்லிச் சுட்டுவதில்லை. அவ்விதியை அப்படியே பின்பற்றினால் அவையும் வேண்டாதவையாகக் கருதப்பட்டு நீக்கப்படும். இதனைத் தடுக்கவே, இணைப்பானுக்குரிய கட்டளைக் கோப்பில் இப்பகுதிகள் ‘கீப்’ என்னும் சொல்லால் காக்கப்படுகின்றன. ‘வைத்துக்கொள்’ என்பது அதன் பொருள்.

நூலகக் கோப்புகளில் இவ்விழப்பு வேறு வகையில் நேர்கிறது. பல இலக்குக் கோப்புகளைத் தொகுத்து வைத்திருக்கும் நூலகத்திலிருந்து, வேண்டப்பட்ட பெயரை வழங்கும் கோப்புகளை மட்டுமே இணைப்பான் எடுத்துக்கொள்ளும். படங்காட்டி நிரல் ஒன்றில் ஒவ்வொரு பட வடிவத்துக்கும் ஒரு கோப்பு இருப்பதாகக் கொள்வோம். அவ்வடிவத்தைப் படிக்கும் திறனை நிரலுக்கு அறிமுகம் செய்யும் பணி, அக்கோப்பிலுள்ள பொதுப்பொருளின் ஆக்கியிடம் விடப்பட்டுள்ளது. அக்கோப்பின் வேறு எந்தப் பெயரையும் எவரும் வேண்டவில்லையெனில், இணைப்பான் அதனை எடுக்காது. அதனுள் இருக்கும் ஆக்கிப் பதிவும் பட்டியலில் சேராது. பிழைச்செய்தி எதுவும் தோன்றாது; நிரல் வழக்கம்போல் திறக்கும். குறிப்பிட்ட வடிவப் படத்தை மட்டும் அதனால் காட்ட இயலாது.

காரணம் அறியாதவர், பிழையைப் படம் படிக்கும் கட்டளைகளில் நெடுநேரம் தேடுவர். இணைக்கும் முறையை அறிந்தவரோ, அக்கோப்பு நிரலில் சேர்ந்துள்ளதா என்பதை முதலில் பார்ப்பர். நூலகம் முழுவதையும் சேர்க்குமாறு இணைப்பானைப் பணித்தோ, அக்கோப்பின் பெயர் ஒன்றை வெளிப்படையாகச் சுட்டியோ குறையைக் களைவர்.

இணைப்பான் நிரலரின் கருத்தை அறியாது. அவர் எழுதிவைத்த குறிப்புகளை மட்டுமே அறியும். ஒரு பொருள் மற்றொன்றைச் சார்ந்திருப்பதும், ஒரு கோப்பு கட்டாயம் வேண்டும் என்பதும் நிரலரின் மனத்தில் மட்டும் இருந்தால் போதாது. அவை எழுத்தில் இடம்பெற வேண்டும். முதல் வரிக்கு முன் நடப்பவற்றைத் தெளிவாக வகுத்துவைத்தால்தான், அதன்பின் வரும் வரிகள் நம்பிக்கையோடு இயங்கும்.

கலைச்சொல் அறிவோம்

ஆக்கி – கன்ஸ்ட்ரக்டர்
இணைப்பான் – லிங்கர்
இலக்குக் கோப்பு – ஆப்ஜெக்ட் ஃபைல்
நிரல்பெயர்ப்பி – கம்பைலர்
செயற்கூறு – ஃபங்ஷன்
முன்னுரிமை – பிரையாரிட்டி

கற்பவை கற்றபின்

1. பள்ளி ஆண்டுவிழாவுக்கான ஆயத்தப் பணிகளைப் பட்டியலிடுக. எப்பணி எதனைச் சார்ந்துள்ளது எனக் குறித்து, அவற்றை முறைப்படுத்துக.
2. −1, 0 ஆகிய எல்லைக் குறிகளுக்கு இடையே ஐந்து ஆக்கிப் பதிவுகளை எழுதி, அவை முன்னோக்கியும் பின்னோக்கியும் இயங்கும் வரிசைகளை ஒப்பிடுக.

நம்மை அளவிடுவோம்

குறுவினா: இலக்குக் கோப்பின் பெயர்ப்பட்டியலில் இடம்பெறும் இருவகைப் பெயர்கள் யாவை?
சிறுவினா: முன்னுரிமை எண் ஐந்து இலக்கங்களாக எழுதப்படுவதன் காரணத்தை விளக்குக.
நெடுவினா: பிழைச்செய்தி இன்றியே ஆக்கிப் பதிவுகள் விடுபடும் சூழல்களையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் தொகுத்து எழுதுக.