பிரவுசரிலேயே இமெயிலைப் பூட்டி அனுப்பலாம்

சென்ற மாதம் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மகன், வங்கி பாஸ்புக், பான் கார்டு, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இமெயிலில் அனுப்பச் சொல்கிறான். வழியில் யாராவது படித்துவிட மாட்டார்களா?"

வழியைப் பற்றி நான் அதிகம் கவலைப்படமாட்டேன். பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் தளத்தின் பெயருக்கு முன்னால் எச்.டி.டி.பி.எஸ். என்ற எழுத்துக்கள் இருந்தால், உங்கள் கம்ப்யூட்டருக்கும் அந்தத் தளத்தின் சர்வருக்கும் இடையே தகவல் பூட்டப்பட்டுத்தான் செல்கிறது. ஜிமெயில் 2014 முதலே எல்லாருக்கும் இதனைக் கட்டாயமாக்கிவிட்டது. ஆனால் சர்வரை அடைந்தவுடன் பூட்டு திறக்கப்படுகிறது. அதன் பிறகு உங்கள் பத்திரம் உங்கள் சென்ட் போல்டரில் ஒரு காப்பி, மகனின் இன்பாக்ஸில் ஒரு காப்பி என்று ஆண்டுக்கணக்கில் படிக்கும் நிலையில் கிடக்கும். இருவரில் ஒருவரின் பாஸ்வேர்ட் அடுத்தவருக்குத் தெரிந்துவிட்டால் போதும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

இதற்கு, கடிதத்தை அனுப்பும் முன்பே நம் கம்ப்யூட்டரில் பூட்டிவிட வேண்டும். இதைத்தான் என்கிரிப்ஷன் என்கிறார்கள். பில் சிம்மர்மன் என்ற அமெரிக்கர் 1991-ல் வெளியிட்ட பி.ஜி.பி. புரோகிராம் இதற்கு வழிகாட்டியது. இதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள் உண்டு. பொதுச் சாவி என்பது, அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு போன்றது. அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். திறப்பதற்கான ரகசியச் சாவி மட்டும் உங்களிடமே இருக்கும். மகன் தன் பூட்டை உங்களுக்கு அனுப்புகிறார். நீங்கள் அதைக் கொண்டு பூட்டி அனுப்புகிறீர்கள். பூட்டிய பிறகு நீங்கள் நினைத்தாலும் அவருடைய பூட்டைத் திறக்க முடியாது.

முன்பு இதற்குத் தனியாகப் புரோகிராம் நிறுவிப் போராட வேண்டும். இன்று பிரவுசரே இந்த வேலையைச் செய்கிறது. காரணம், இணையப் பக்கங்களுக்கு உயிர் கொடுக்கும் ஜாவாஸ்கிரிப்ட். 1995-ல் நெட்ஸ்கேப் பிரவுசரில் வந்தபோது பட்டனை அசைப்பது, படிவத்தைச் சரிபார்ப்பது போன்ற சில்லறை வேலைகளுக்குத்தான் இது பயன்பட்டது. நல்ல சாவி வேண்டும் என்றால் யாராலும் ஊகிக்க முடியாத எண்கள் வேண்டும். பழைய ஜாவாஸ்கிரிப்ட் தரும் எண்கள் அந்தத் தரத்தில் இல்லை. பின்னர் பிரவுசர்களிலேயே இதற்கான வசதிகள் சேர்க்கப்பட்டு, 2017-ல் டபிள்யூ3சி அமைப்பின் அங்கீகாரமும் கிடைத்தது. இப்போது ஓபன்பிஜிபி.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு, பி.ஜி.பி. வேலை முழுவதையும் பிரவுசருக்குள்ளேயே முடித்துத் தருகிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரு இணையப் பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்டை உங்களுக்குத் தருவது அந்தத் தளத்தின் சர்வர். நேற்று வந்த ஸ்கிரிப்ட்தான் இன்றும் வருகிறது என்பதற்கு உறுதி இல்லை. சர்வர் ஒரே ஒரு நாள், உங்களுக்கு மட்டும், பாஸ்வேர்டையும் சேர்த்து அனுப்பிவிடும் ஒரு வரியை நுழைத்துக் கொடுத்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. பூட்டுக்காரரே தினமும் வீட்டுக்கு வந்து புதுப் பூட்டு மாட்டிவிட்டுப் போவதைப் போலத்தான்!

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. கனடாவைச் சேர்ந்த ஹஷ்மெயில், 1999 முதல் பூட்டிய இமெயில் சேவை வழங்கிய நிறுவனம். ஆரம்பத்தில் ஜாவா புரோகிராம் மூலம் பயனாளரின் கம்ப்யூட்டரிலேயே பூட்டியது. (ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஒன்றல்ல; பெயர்தான் குழப்புகிறது.) பிறகு வசதிக்காகச் சர்வரிலேயே பூட்டும் முறையையும் கொண்டு வந்தது. நீதிமன்ற உத்தரவின்படி சில வாடிக்கையாளர்களின் இமெயில்களைத் திறந்த நிலையில் அந்நிறுவனம் அதிகாரிகளிடம் கொடுத்தது என்பது 2007-ல் வெளிவந்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். நமக்குத் தெரிய வேண்டியது, பூட்டும் புரோகிராம் யார் கையில் இருக்கிறதோ அவரால் திறக்கவும் முடியும் என்பதுதான்.

எனவே இணையப் பக்கமாக வரும் பூட்டைவிட, பிரவுசரில் நிறுவிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷனையே நான் சிபாரிசு செய்வேன். அதுவும் ஜாவாஸ்கிரிப்ட்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் இமெயில் நிறுவனத்திடமிருந்து வருவதில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் தங்கியிருக்கிறது. அதற்கும் அப்டேட் வரும் என்றாலும், எல்லாருக்கும் ஒரே காப்பி வருவதால் உங்களை மட்டும் ஏமாற்றுவது கடினம்.

மெயில்வெலோப் என்பது அப்படி ஒரு எக்ஸ்டென்ஷன். இலவசம், குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ் மூன்றிலும் இயங்கும். பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் பகுதியில் தேடி நிறுவிக்கொள்ளவும். பின் அதன் ஐகானைக் கிளிக் செய்து, புதிய சாவி உருவாக்கும் பிரிவில் பெயர், இமெயில் முகவரி, நீளமான பாஸ்வேர்ட் ஆகியவற்றைக் கொடுக்கவும். இது உங்கள் இமெயில் பாஸ்வேர்டாக இருக்கக் கூடாது. மகனும் இதையே செய்ய வேண்டும். பிறகு இருவரும் பொதுச் சாவியை எக்ஸ்போர்ட் செய்து, ஒருவருக்கொருவர் அனுப்பி, இம்போர்ட் செய்துகொள்ளவும். ஒவ்வொரு சாவிக்கும் பிங்கர்பிரிண்ட் என்ற நீண்ட எண் இருக்கும். போனில் பேசும்போது அதைப் படித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மகன் பெயரில் வேறு யாராவது பூட்டு அனுப்பியிருந்தால் இதில் அகப்பட்டுவிடும்.

இனி ஜிமெயிலில் புதிய கடிதம் எழுதப் போனால் மெயில்வெலோப்பின் பட்டன் தெரியும். அதைக் கிளிக் செய்து, அது திறக்கும் தனி விண்டோவில்தான் எழுத வேண்டும். ஜிமெயிலின் கட்டத்தில் எழுதினால், நீங்கள் டைப் செய்யும்போதே டிராப்ட் என்று சர்வரில் பதிந்துவிடும். அதற்குப் பிறகு பூட்டிப் பயனில்லை. ஸ்கேன் செய்த பைல்களுக்கும் மெயில்வெலோப்பில் பூட்டும் பகுதி உள்ளது. அங்கே பூட்டிய பைலை வழக்கம் போல அட்டாச் செய்திடலாம்.

கடிதத்தின் சப்ஜெக்ட் வரி, அனுப்புநர், பெறுநர், தேதி ஆகியவை பூட்டப்படுவதில்லை. எனவே சப்ஜெக்ட் வரியில் "வீட்டுப் பத்திரம்" என்று எழுதி வைக்காதீர்கள். ஜிமெயிலில் உள்ள கான்பிடென்ஷியல் மோட் இதே வசதி என்று சிலர் நினைக்கிறார்கள். அல்ல, அது கடிதத்துக்குக் காலக்கெடு வைக்கிறது, பார்வர்ட் செய்வதைத் தடுக்கிறது, அவ்வளவே. மொபைல் போனில் உள்ள குரோம் பிரவுசரில் மெயில்வெலோப் இயங்காது என்பதையும் மகனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, ரகசியச் சாவியை எக்ஸ்போர்ட் செய்து ஒரு பென் டிரைவில் வைத்து, அதைப் பீரோவில் பத்திரப்படுத்தவும். ஹார்ட் டிஸ்க் பழுதாகி சாவி போனாலோ, அதன் பாஸ்வேர்ட் மறந்தாலோ, பூட்டிய கடிதங்களை மீட்டுத் தர "பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?" என்ற லிங்க் எதுவும் கிடையாது. முதலில் ஓரிரு சாதாரணக் கடிதங்களைப் பூட்டி அனுப்பி, மகன் திறந்து படித்தேன் என்று சொன்ன பிறகு பத்திரத்தை அனுப்புங்கள்.